கன்னியப்பன் பெயரால் ஒரு துப்பாக்கி

"கன்னியப்பன் வழக்கு" என்று எங்கள் கோர்ட்டில் இளம் வக்கீல்கள் ஒப்பிப்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிகிறது. போன மாதம் வக்கீல் சங்கக் கூட்டத்தில் ஒருவன் எழுந்து, துப்பாக்கி லைசென்ஸை நோட்டீஸ் கொடுக்காமல் ரத்து செய்யக்கூடாது என்று ஹைகோர்ட்டில் தீர்ப்பு வாங்கியவர்களில் நான் ஒருவன்தான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லி எனக்கு மாலை போட்டான். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்ட ஒரு பெரிய புள்ளிக்கு, அதே தீர்ப்பைக் காட்டி அவன் அன்று காலையில்தான் தடையுத்தரவு வாங்கியிருந்தான். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மரியாதை தெரியாத கிழவன் என்று பேசியிருப்பார்கள். பேசட்டும். கன்னியப்பன் யார் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் தறிக்காரர் வீட்டிலிருந்து வந்தவன். சட்டம் படித்து முடித்து, அறுபதுகளின் நடுவில் காஞ்சிபுரத்தில் வேதாசலம் என்ற சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் கேஸ் கட்டு தூக்கினேன், வாய்தா வாங்கினேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

வேதாசலத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அவர் கோர்ட்டில் குரலை உயர்த்தியதே இல்லை. யாராவது ஓர் உத்தரவை எதிர்த்து வழக்குப் போட வந்தால், முதலில் அந்த உத்தரவை நின்றுகொண்டு உரக்கப் படிப்பார். ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் நிறுத்தி, "ஏன்?" என்று எங்களைப் பார்த்துக் கேட்பார். உத்தரவிலேயே பதில் இருந்தால் மேலே படிப்பார். இல்லாவிட்டால் அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். கடைசியில் வட்டங்களைப் பார்த்துத்தான் கேஸை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார். எந்தச் சட்டப் புத்தகத்தையும் அதற்கு முன் திறக்கமாட்டார், எங்களையும் திறக்கவிடமாட்டார்.

கன்னியப்பன் கொண்டுவந்த உத்தரவில் மூன்றே வாக்கியங்கள். மூன்றிலும் வட்டம் விழுந்தது.

கன்னியப்பனுக்கு முசரவாக்கத்துக்கு அப்பால் முட்காட்டை ஒட்டிக் கொஞ்சம் மேட்டு நிலம். வேர்க்கடலை போடுவார். காட்டிலிருந்து பன்றிகள் வந்து ஒரே ராத்திரியில் பாதிக் கொல்லையை உழுதுவிட்டுப் போகும். அவர் அப்பா காலத்து ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். குழலில் மருந்தைக் கொட்டி இடித்துச் சுடுவது. முறையாக லைசென்ஸ் வாங்கி, முறையாகப் புதுப்பித்து வந்தவர். அந்த நிலத்தில் இருந்த கிணற்றின் மேல் பக்கத்து ஊர் ரைஸ்மில் முதலாளி பரந்தாமனுக்குக் கண். விலைக்குக் கேட்டார். கன்னியப்பன் கொடுக்க மறுத்தார். கொஞ்ச நாளில், கன்னியப்பன் துப்பாக்கியைக் காட்டி ஊராரை மிரட்டுகிறார் என்று மேலே ஒரு மனு போனது. அடுத்து வந்ததுதான் அந்த உத்தரவு. துப்பாக்கி இவர் கையில் இருப்பது பொது அமைதிக்கு ஆபத்து, ஆகவே லைசென்ஸ் ரத்து, உடனே ஒப்படைக்கவும்.

"என்ன ஆபத்துன்னு உன்னக் கூப்பிட்டுக் கேட்டாங்களாப்பா?" என்றார் சீனியர்.

"யாரும் கேக்கல சார். தலையாரி வந்தாரு. துப்பாக்கிய எடுத்துக்கினு வான்னாரு. டவுன்ல துப்பாக்கிக்கடை பாஷா பாய்கிட்ட ஒப்படைச்சுட்டு சீட்டு வாங்கிக்கினேன்" என்றார் கன்னியப்பன். "ஊர்ல ஒருத்தரக் கை நீட்டிப் பேசினவன் இல்ல சார் நானு. பன்னி வருது, சுடறேன். அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

சட்டப்படி முதலில் அரசாங்கத்திலேயே மேல் அதிகாரிக்கு அப்பீல் செய்ய வேண்டும். செய்தோம். அந்த அப்பீல் மாதக்கணக்கில் ஊறியது. அதற்குள் கொல்லையில் கடலை முற்றியது. துப்பாக்கி பாய் கடையில் பூட்டிக் கிடந்தது. கன்னியப்பனும் அவர் தம்பி முனுசாமியும் தகர டப்பாவும் தடியுமாக முறை வைத்துக் காவல் இருந்தார்கள். ஒருநாள் விடிகிற நேரத்தில், தகரச் சத்தத்துக்குப் பயப்படாத ஒரு பன்றி முனுசாமியின் தொடையைக் கிழித்துப் போட்டது. மாட்டு வண்டியில் தூக்கிப்போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே ரத்தம் வடிந்து உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்து, மொட்டைத் தலையோடு கன்னியப்பன் ஆபீசுக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"துப்பாக்கி இருந்திருந்தா நான் குறி தவறாம சுட்டிருப்பேனான்னு தெரியல சார்" என்றார். "வெடிச் சத்தமாவது கேட்டிருக்குமில்ல? அந்தச் சத்தத்துக்கே அது ஓடியிருக்கும்."

அந்த வாரம்தான் அப்பீல் உத்தரவும் வந்தது. தள்ளுபடி. அதிலும் காரணம் இல்லை.

ஹைகோர்ட்டுக்கு ரிட் மனு நான்தான் எழுதினேன். முனுசாமி செத்த கதையை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். கொடுமை, அநியாயம், ஈவிரக்கமற்ற என்று எனக்குத் தெரிந்த சொல்லையெல்லாம் கொட்டியிருந்தேன். சீனியர் படித்துவிட்டு ஒவ்வொன்றாக அடித்தார். கடைசியில் ஒரு வரிதான் மிஞ்சியது: துப்பாக்கி இல்லாத நிலையில் காவல் காத்த மனுதாரரின் தம்பி காட்டுப் பன்றி தாக்கி இறந்தார்.

"சார், ஒரு உயிர் போயிருக்குது" என்றேன்.

"போயிருக்குது. அத ஜட்ஜ் படிக்கட்டும். நீ பக்கத்துல நின்னு அழாதே. நாம கேக்கப்போறது ஒரே கேள்வி. ஏன் எடுத்தே? அதுக்கு மேல ஒரு வார்த்த கூட வேணாம்."

அன்று எனக்கு அவர் மேல் கோபம்தான். ஆனால் மெட்ராஸில் அந்த ஒரே கேள்விதான் வேலை செய்தது. காரணமெல்லாம் ஃபைலில் இருக்கிறது என்றார் அரசு வக்கீல். ஃபைலைக் கொடுங்கள் என்றார் ஜட்ஜ். அதில் யாரோ போட்ட மொட்டை மனுவும், மனுவில் உள்ளது உண்மை என்ற ஒரு வரி அறிக்கையும் இருந்தன. வேறொன்றும் இல்லை. ஜட்ஜ் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். பிறகு அங்கேயே தீர்ப்பைச் சொல்லத் தொடங்கினார். துப்பாக்கி வைத்திருப்பது யாருக்கும் பிறப்புரிமை இல்லை, கொடுக்கவும் எடுக்கவும் அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் சட்டப்படி கொடுத்த ஒன்றை எடுக்கும்போது உடையவன் சொல்வதைக் கேட்க வேண்டும், எடுக்கும் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்றார். உத்தரவு ரத்தானது. தீர்ப்பு சட்டத் தொகுப்பில் அச்சானது. கன்னியப்பன் பெயரும் அச்சானது.

பாஷா பாய் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். வைத்திருந்ததற்குக் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கன்னியப்பன் அதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஜெயித்தவர் முகம் மாதிரி அது இல்லை.

சில வருஷம் கழித்து, எழுபதுகளின் தொடக்கத்தில், பரந்தாமனின் துப்பாக்கி வெடித்தது.

பச்சையம்மாள் என்ற பெண் அவர் ஊரில் ஆடு மேய்த்துப் பிழைப்பவள். புருஷன் இல்லை. அவளுடைய ஆடுகள் நான்கைந்து பரந்தாமனின் நெல்வயலுக்குள் இறங்கிவிட்டன. அவள் ஓடிப்போய் ஓட்டிக்கொண்டிருந்தபோது பரந்தாமன் வரப்பில் நின்று இரட்டைக் குழல் துப்பாக்கியால் சுட்டார். ரவைகள் அவள் இடது முழங்காலில் பாய்ந்தன. ஆஸ்பத்திரியில் எடுத்தது போக, உள்ளேயே தங்கிவிட்டதும் உண்டு. அதற்குப் பிறகு அந்தக் கால் மடங்கவே இல்லை.

கிரிமினல் கேஸ் நடந்தது. பார்த்த சாட்சிகள் அத்தனை பேரும் பரந்தாமன் மில்லிலோ வயலிலோ வேலை செய்கிறவர்கள். கூண்டில் ஏறி, முதலாளி வரப்பில் வழுக்கி விழுந்தார், துப்பாக்கி தானாக வெடித்தது என்று ஒரே குரலில் சொன்னார்கள். அவர்களைத் திட்டி என்ன பயன்? அன்றைக்குச் சாயங்காலம் அவர்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே. விடுதலை.

மிச்சம் இருந்தது லைசென்ஸ் ஒன்றுதான். சுட்ட வாரத்திலேயே அதிகாரி அதை ரத்து செய்திருந்தார். சரியான காரியம். ஆனால் அதை எப்படிச் செய்தார் தெரியுமா? நோட்டீஸ் இல்லை, விசாரணை இல்லை, காரணம் இல்லை. அதே மூன்று வரி. கன்னியப்பனுக்குத் தட்டச்சு செய்த காகிதத்திலேயே பெயரை மட்டும் மாற்றியதுபோல இருந்தது. ஹைகோர்ட் இவ்வளவு தெளிவாகச் சொல்லி, அச்சாகி, எல்லா ஆபீசுக்கும் போய்ச் சேர்ந்த பிறகும், ஒரு நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்குக் கை வரவில்லை. அந்தச் சோம்பேறித்தனத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. நல்லவன் கையிலிருந்து பிடுங்கும்போது வந்த திமிர், கெட்டவன் கையிலிருந்து பிடுங்கும்போதும் வந்தது. கெட்டவனிடம் வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

அப்பீலும் தள்ளுபடியானதும் பரந்தாமன் நேராக எங்கள் ஆபீசுக்குத்தான் வந்தார். சீனியர் எழுந்து நின்று உத்தரவைப் படித்தார். மூன்று வட்டம் போட்டார். கேஸ் கட்டை என் பக்கம் தள்ளினார்.

"மனு எழுதுப்பா. கன்னியப்பன் கேஸ அப்படியே எடுத்துப் போடு."

பரந்தாமன் போகும்வரை பொறுத்திருந்தேன். பிறகு கேட்டேன். "சார், மொட்டை மனு போட்டு அந்தத் துப்பாக்கியப் புடுங்க வெச்சதே இந்த ஆள்தான். முனுசாமி செத்தது இவரால. இவருக்கு அந்தத் தீர்ப்பா?"

"மொட்டை மனு இவர் போட்டதுன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சது உத்தரவுல இல்ல" என்றார். குரல் உயரவேயில்லை. "அந்தத் தீர்ப்பு கன்னியப்பனுக்குப் பட்டா போட்டுக் குடுத்தது இல்லப்பா. நல்லவங்களுக்கு மட்டும்னு ஜட்ஜ் சொல்லல. சொல்லியிருந்தா அது தீர்ப்பே இல்ல."

அவர் சொன்னது சரி. நாற்பது தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன், அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆனால் சட்டத்தில் சரி என்பதால் அந்த ஆளுடைய கட்டை இவர்தான் தூக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? ஊரில் வேறு வக்கீலே இல்லையா?

"நான் எழுதமாட்டேன் சார்" என்றேன்.

"சரி. வேற ஆள் எழுதுவான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தார். என் அங்கியையும் நான்கு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு அன்றே வெளியே வந்தேன்.

பரந்தாமனின் மனு முதல் நாளிலேயே ஜெயித்தது. துப்பாக்கி திரும்பி வந்த அன்று அவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தாராம்.

அதைக் கேட்டுவிட்டுத்தான் கன்னியப்பன் என்னைத் தேடி வந்தார். நான் அப்போது ஒரு மளிகைக்கடை மாடியில் தனியாக போர்டு மாட்டியிருந்தேன். படியேறி வந்து மூச்சு வாங்க நின்றார்.

"என் பேரச் சொல்லித்தான் வாங்கினானாமே சார். நெசமா?"

"நிஜம்தான்."

"என் தம்பி செத்து வந்த தீர்ப்பு சார் அது."

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"அத நான் திருப்பிக் குடுத்துடறேன் சார். என் துப்பாக்கிய வேணும்னாலும் எடுத்துக்கட்டும். பன்னி தின்னுட்டுப் போவட்டும். அந்தத் தீர்ப்பு செல்லாதுன்னு எழுதிக் குடுக்க முடியுமா?"

என் தொழிலில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதைப்போல் இன்னொன்று இல்லை. தீர்ப்பு வந்தபிறகு அது வாங்கியவனுக்குச் சொந்தம் இல்லை, திருப்பிக் கொடுக்க முடியாது என்று விளக்கினேன்.  ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒன்று தெளிவானது. துப்பாக்கியை எடுக்கவே கூடாது என்று அந்தத் தீர்ப்பு எங்கே சொன்னது? கேட்டுவிட்டு எடு என்றுதானே சொன்னது? அப்படியானால் இப்போது கேட்கட்டும். பச்சையம்மாளையும் கேட்கட்டும்.

"அந்தம்மாவக் கூட்டிக்கினு வர முடியுமா?" என்றேன்.

"வண்டி கட்டிக்கினு வரேன் சார்" என்றார் கன்னியப்பன்.

லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசுக்கு அவளை அழைத்துக்கொண்டு எத்தனையோ தடவை போனோம். "அதான் கோர்ட்டே குடுக்கச் சொல்லிடுச்சே, இனிமே எங்களுக்கு என்ன வேல?" என்றார் அங்கிருந்த எழுத்தர், டீயை ஆற்றிக்கொண்டே. கோர்ட் கொடுக்கச் சொல்லவில்லை, முறையாக விசாரிக்கச் சொன்னது என்று தீர்ப்பை நீட்டினேன். வாங்கிப் படிக்கக்கூட இல்லை. பச்சையம்மாளுக்கு உட்கார்ந்தால் காலை நீட்டித்தான் உட்கார முடியும். நடைபாதையில் அப்படி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "கால மடக்கி உக்காரும்மா, ஆளுங்க நடக்கற எடம்" என்று ஒரு பியூன் அதட்டினான். அன்றைக்கு நான் அங்கே கத்திய கத்தல் இரண்டு மாடிக்கும் கேட்டிருக்கும்.

கத்தலால் ஒன்றும் நடக்கவில்லை. பச்சையம்மாள் பெயரில் ஹைகோர்ட்டில் ஒரு ரிட் மனு போட்டேன். எழுதும்போது பழைய சொற்களெல்லாம் தானாக வந்து விழுந்தன. ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்தையும் நின்றுகொண்டு உரக்கப் படித்து, அழுகிற சொல்லையெல்லாம் நானே அடித்தேன். யாரிடம் கற்றேனோ அவரை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் அடித்தேன். பரந்தாமனுக்கு நோட்டீஸ் கொடுத்து, காயம்பட்டவளையும் கேட்டு, புதிதாக விசாரிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

விசாரணையில் பரந்தாமன் பக்கம் வேதாசலம் உட்கார்ந்திருந்தார். அதிகாரி புதியவர், இளைஞர். பச்சையம்மாள் நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னாள். சீனியர் எழுந்து, எப்போதும்போல மெதுவாகக் கேட்டார்.

"ஆடு அவர் வயல்ல இருந்துதா இல்லையாம்மா?"

"இருந்துதுங்க."

"பயிர மேஞ்சுதா?"

"மேஞ்சுதுங்க. ஓட்டறதுக்குத்தான் நான் எறங்கினேன்."

"அப்ப அவர் ஆட்டை விரட்டத்தான் துப்பாக்கிய எடுத்திருக்கார். இல்லையா?"

பச்சையம்மாள் அதிகாரி பக்கம் திரும்பினாள்.

"அப்பிடின்னா ஆட்டையில்ல சுட்டிருக்கணும்? ஆடெல்லாம் நல்லாதான இருக்குது. என்னை ஏன் சுட்டாரு?"

சீனியர் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி அதே கேள்வியைப் பரந்தாமனிடம் கேட்டார். வரப்பில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார் பரந்தாமன். விழுந்தவர் கையிலிருந்த துப்பாக்கி எதிரே நிற்பவளின் முழங்கால் உயரத்துக்கு எப்படி வந்தது என்றார் அதிகாரி. விழுவதற்கு முன்னால் வெடித்தது என்றார் பரந்தாமன். அப்படியானால் குழலை அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தது ஏன் என்றார் அதிகாரி. பரந்தாமன் வேதாசலத்தைத் திரும்பிப் பார்த்தார்.

இந்தத் தடவை உத்தரவு பக்கம் பக்கமாக வந்தது. ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் காரணம் இருந்தது. லைசென்ஸ் ரத்து. பரந்தாமன் அப்பீல் போனார், ஹைகோர்ட் போனார். ஜட்ஜ் கன்னியப்பன் தீர்ப்பையே எடுத்துப் படித்து, இவரிடம் கேட்டிருக்கிறார்கள், காரணம் சொல்லியிருக்கிறார்கள், வேறென்ன வேண்டும் என்று தள்ளிவிட்டார்.

ஹைகோர்ட் வராந்தாவில் வேதாசலம் என்னைப் பார்த்து நின்றார். "நல்லா எழுதியிருந்தே மனுவ" என்றார். நான் தாண்டிப் போனேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அவர் செத்தபோது போனேன், மாலை போட்டேன், கோபம் போகவில்லை. இந்த ஊரில் நான் பார்த்த வக்கீல்களில் அவரைவிடப் பெரியவர் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தீர்ப்பைச் சொல்ல ஊருக்குப் போனேன். கன்னியப்பன் தலையை மட்டும் ஆட்டினார். பச்சையம்மாள், "என் முட்டிக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"அது இந்தக் கேஸ்ல வராதும்மா. இது லைசென்ஸ் கேஸ்."

"முட்டிக்குக் கேஸ் போட்டாங்களே, அதுல அவர விட்டுட்டாங்க. இதுல முட்டி வராதுன்றீங்க. அப்ப அது எதுலதான் சார் வரும்?"

நஷ்டஈட்டுக்கு சிவில் வழக்குப் போடலாம் என்றேன். போட்டேன். வருஷக்கணக்காக இழுத்தது. கிடைத்தது அவள் மருந்துச் செலவுக்கே பற்றவில்லை. சட்டத் தொகுப்பில் அவள் பெயர் வரவில்லை. அவள் போட்ட ரிட் எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. மாலை போட்ட அந்த இளம் வக்கீலுக்கு அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே தெரியாது. தீர்ப்பின் பின்பாதியை மட்டும் படித்துவிட்டுத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அவள் எதற்கு?

சிவில் வழக்குக்காகக் கையெழுத்து வாங்க இன்னொரு நாள் அந்த ஊருக்குப் போயிருந்தேன். பரந்தாமன் வீட்டை ஒட்டி ஏரிக்குப் போகும் பொதுப் பாதை ஒன்று உண்டு. சுடப்பட்ட நாளிலிருந்து பச்சையம்மாள் அந்தப் பக்கம் போகாமல் ஊரைச் சுற்றித்தான் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போவாள். அன்றைக்கு அவள் அந்தப் பாதையிலேயே வந்துகொண்டிருந்தாள். இடது கால் மடங்காமல் வெளியே வீசி வீசி விழுந்தது. ஆடுகள் பாதை முழுக்கப் பரவி நடந்தன.

பரந்தாமன் வாசலுக்கு வந்தார். கையில் ஒன்றும் இல்லை.

"ஏய், யார் வீட்டு வாசல்ல ஆட்ட ஓட்டறே?" என்று கத்தினார்.

அவள் நிற்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நோட்டீஸ் அனுப்புங்க, வந்து பதில் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, ஆடுகளை அதட்டிக்கொண்டு நடந்தாள்.